அழித்தது திரும்ப வராதே? ஒரு டேட்டாபேஸ் தேடலின் நாட்குறிப்பு

மார்ச் 3, 2025, திங்கள்

எங்கள் குறும்பதிவுச் செயலியின் முகப்பு இன்று காலையும் திணறியது. ஒருவர் பின்தொடரும் எல்லோருடைய பதிவுகளையும் எடுத்து, நேரப்படி அடுக்கி, மேலே உள்ள ஐம்பதைக் காட்ட வேண்டும். எங்கள் டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸில் இதற்கு ஒரு ஜாயின், அதாவது அட்டவணைகளை இணைத்துக் கேட்கும் ஒரு கேள்வி, போதும். நூறு பேரைப் பின்தொடர்பவருக்குக் கண்மூடித் திறப்பதற்குள் வந்துவிடுகிறது. இரண்டாயிரம் பேரைப் பின்தொடர்பவர் வெற்றுத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியிருக்கிறது.

"அக்கா, பேசாமல் நோஎஸ்கியூஎல்லுக்குப் போய்விடலாம்" என்றான் கூட வேலை செய்யும் தம்பி. போகலாம். ஆனால் போஸ்ட்கிரெஸ் மாதிரி அல்லாத டேட்டாபேஸ்களுக்கெல்லாம் அதுதான் பொதுப்பெயர், அதில் பத்து வகை இருக்கிறது. முதலில் செயலி டேட்டாபேஸிடம் என்னென்ன கேட்கிறது என்று ஒரு தாளில் எழுதினோம். ஒருவருடைய பதிவுகள், புதியது முதலில். என் முகப்பு. ஒரு பதிவும் அதன் மறுமொழிகளும். யார் யாரைப் பின்தொடர்கிறார்கள். ஒரு பதிவை அழிப்பது. அவ்வளவுதான். தாளைச் சுவரில் ஒட்டிவிட்டேன்.

மார்ச் 5, புதன்

ட்விட்டரின் பழைய கதையை இரவு முழுக்கப் படித்தேன். 2010இல் ட்வீட்டுகளை, போஸ்ட்கிரெஸ் மாதிரியான மைஎஸ்கியூஎல்லில் இருந்து, நோஎஸ்கியூஎல் வகையான கஸாண்ட்ராவுக்கு மாற்றத் திட்டமிட்டார்கள். அதே ஆண்டு ஜூலையில் அந்த மாற்றத்தை நிறுத்திவிட்டு, ட்வீட்டுகளை மைஎஸ்கியூஎல்லிலேயே வைத்துக்கொண்டார்கள். கஸாண்ட்ராவை வேறு வேலைகளுக்குப் பயன்படுத்தினார்கள். இதைப் படித்ததும் எனக்குக் கொஞ்சம் நிம்மதி. எல்லாவற்றையும் ஒரே இடத்துக்கு மாற்றியாக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

முகப்புக்கு அவர்கள் செய்ததுதான் எனக்கு வேண்டியது. ஒருவர் பதிவு போட்டதும், பின்தொடரும் ஒவ்வொருவருடைய பட்டியலிலும் அதன் எண்ணைச் சேர்த்துவிடுவது. தபால்காரர் வீடு வீடாகக் கடிதம் போடுவது மாதிரி. அந்தப் பட்டியல்கள் ரெடிஸ் என்ற டேட்டாபேஸில், நினைவகத்திலேயே இருந்தன, ஒருவருக்குச் சுமார் 800 பதிவுகள் வரை. கோடிக்கணக்கானோர் பின்தொடரும் பிரபலங்கள் எழுதும்போதுதான் தபால்காரர் மூச்சு வாங்குவார். அவர்கள் பதிவை மட்டும் படிக்கும் நேரத்தில் எடுத்துச் சேர்த்துக்கொள்ளலாம். எங்களிடம் அப்படிப்பட்ட பிரபலம் இன்னும் யாரும் இல்லை.

மார்ச் 8, சனி

தரவை ஆவணங்களாக வைக்கும் மோங்கோடிபியில் ஒரு நாள். ஆரம்பிக்க இதைவிட எளிது எதுவும் இல்லை. பின்தொடர்பவர்களின் பட்டியலைப் பயனரின் ஆவணத்துக்குள்ளேயே போட்டுவிடலாம் என்று கை தன்னால் போகிறது. ஓர் ஆவணத்துக்கு 16 எம்பிதான் எல்லை, பட்டியலோ வளர்ந்துகொண்டே இருக்கும். தனித்தனியாகப் பிரித்து வைத்தால் சரியாக வரும். ஆனால் எங்கள் பாரம் எழுதுவதில்தான் அதிகம் என்பதால் மேலே தேடினேன்.

மார்ச் 11, செவ்வாய்

கஸாண்ட்ரா, மூன்று பழைய கணினிகளில். ஃபேஸ்புக்கில் இன்பாக்ஸ் தேடலுக்காக அவினாஷ் லக்ஷ்மணும் பிரசாந்த் மாலிக்கும் உருவாக்கியது, 2008இல் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். எழுதுவது ஏன் இவ்வளவு வேகம் என்றால், வந்ததை லாக் என்ற பதிவேட்டின் கடைசியில் ஒட்டிவிட்டு நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது. வட்டில் அடுக்கும் வேலையும், அடுக்கியதைச் சேர்த்துக் கட்டும் கம்பாக்‌ஷனும் அப்புறம்.

இங்கே ஜாயின் கிடையாது. கேள்விக்கு ஒரு அட்டவணை. சுவரில் ஒட்டிய தாள் அப்படியே அட்டவணைகளின் வரைபடம் ஆனது. பயனர் எண்ணை மட்டும் பார்டிஷன் கீயாக, அதாவது எது எந்தப் பகுதியில் சேரும் என்று முடிவு செய்யும் சாவியாக, வைத்தால், தினமும் எழுதுபவரின் பகுதி ஆண்டுக்கணக்கில் வீங்கிப்போகும். அதனால் பயனரோடு மாதத்தையும் சேர்த்தோம். அரட்டைச் செயலியான டிஸ்கார்ட் தன் செய்திகளைச் சேனலோடு பத்து நாள் கூடைகளாகப் பிரித்ததும் இதே காரணத்துக்குத்தான்.

இடையில் ஒரு கணக்கு, ஒரு பதிவு எவ்வளவு இடம் பிடிக்கும் என்று. 'தமிழ்' கண்ணுக்கு மூன்று எழுத்து, யூனிகோடில் ஐந்து குறி, யூடிஎஃப்-8இல் 15 பைட். யூனிகோடு குறி 280 என்று எல்லை வைத்தால் முழுத் தமிழ்ப் பதிவு 840 பைட். ஒரு கிலோபைட்டுக்குள் அடங்கிவிடுகிறது.

மாலையில் ஒரு கணினியின் கேபிளைப் பிடுங்கினேன். மூன்று நகல், இரண்டு சம்மதித்தால் போதும் என்று வைத்திருந்தோம். எழுதுவது ஒரு நொடியும் நிற்கவில்லை. நானும் தம்பியும் கை தட்டினோம்.

மார்ச் 14, வெள்ளி

ஒரு பயனரிடமிருந்து மின்னஞ்சல். கோபத்தில் வீட்டு விஷயத்தை எழுதிவிட்டாராம், அழித்தும் விட்டாராம். "அழித்தது திரும்ப வந்துவிடாதே?" என்று கேட்டிருந்தார். இப்போது ஓடும் போஸ்ட்கிரெஸைப் பார்த்து, வராது என்று பதில் எழுதினேன். கஸாண்ட்ராவுக்கு மாறியபின் இதையே சொல்ல முடியுமா?

அங்கே அழிப்பதும் ஓர் எழுத்துதான். "இது இறந்துவிட்டது" என்று டூம்ஸ்டோன் வைக்கிறது. நாங்கள் அதை நடுகல் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டோம். வழக்கமான அமைப்பில் 10 நாள் கழிந்தபின் கம்பாக்‌ஷன் அந்தக் கல்லையும் எடுத்துவிடும். அதற்குள் செய்தி போய்ச் சேராமல் ஒரு கணினி அணைந்து கிடந்தால்? அதற்குப் போய்ச் சேராதவற்றின் குறிப்புகளை மற்ற கணினிகள் வழக்கமாக 3 மணி நேரம்தான் சேர்த்து வைக்கும்.

சோதித்தேன். பத்து நாளைப் பத்து நிமிடமாக்கி, குறிப்புகளை நிறுத்தி, மூன்றாவது கணினியை அணைத்தேன். பதிவை அழித்தேன். பத்து நிமிடம் கழித்து மற்ற இரண்டிலும் கம்பாக்‌ஷன் ஓட்டி, மூன்றாவதைத் திரும்பப் போட்டேன். சில முறை படித்ததும் அழித்த பதிவு முழுதாக எழுந்து வந்தது. மூன்றாவதில் பழைய நகல் இருந்தது, அது இறந்தது என்று சொல்ல மற்ற இரண்டிலும் கல் இல்லை. படித்ததாலேயே மற்ற இரண்டுக்கும் பரவியது. வயிற்றைப் பிசைந்தது எனக்கு. அந்தப் பதிவு அவருடையதாக இருந்திருந்தால்?

மார்ச் 18, செவ்வாய்

நான்கு நாள் விவாதம். கஸாண்ட்ராவே வேண்டாம் என்று தம்பி சொன்னான். ஆனால் இது மறைந்திருக்கும் பிழை இல்லை, ரிப்பேர் (கணினிகளின் நகல்களை ஒப்பிட்டு ஒன்றாக்கும் வேலை) ஓட்டுங்கள் என்று கஸாண்ட்ராவை உருவாக்குபவர்கள் வெளிப்படையாகவே சொல்கிறார்கள். டிஸ்கார்ட் ஒவ்வொரு இரவும் ரிப்பேர் ஓட்டியதால் 10 நாளை 2 நாளாகக் குறைக்க முடிந்தது. லட்சக்கணக்கில் செய்திகளை அழித்து ஒன்றே ஒன்று மிஞ்சிய சேனலைத் திறந்தபோது, அத்தனை கல்லையும் தாண்டிப் போக வேண்டியிருந்ததுதான் அவர்களை அந்த முடிவுக்குத் தள்ளியது.

முடிவு இது. பதிவுகள் கஸாண்ட்ராவில். முகப்புப் பட்டியல் ரெடிஸில், எண்கள் மட்டும், வாசகம் ஒரு வரியும் அங்கே போகாது. அழித்த பதிவைப் பட்டியல் பட்டியலாகத் தேட வேண்டாம், எடுக்கப் போகும்போது இல்லை என்றால் விட்டுவிடலாம். கணக்குகளும், இருவருக்கு ஒரே பெயர் வரக் கூடாது என்ற காவலும், பின்தொடர்தலும் போஸ்ட்கிரெஸிலேயே இருக்கட்டும். விருப்பங்களை (லைக்) எண்ண கஸாண்ட்ராவின் கவுண்டர் வேண்டாம். மறுமுயற்சியில் இரட்டிப்பாக எண்ணிவிடும். விருப்பம் போட்ட ஆளுக்கு அட்டவணையில் ஒரு வரிசை.

நான் விட்டுக்கொடுக்காதது ஒன்று. ஞாயிறுதோறும் ரிப்பேர், தவறினால் எனக்கும் தம்பிக்கும் அலாரம். பத்து நாளுக்கு மேல் அணைந்து கிடந்த கணினி அப்படியே திரும்ப வரக் கூடாது. துடைத்துவிட்டுப் புதிதாகச் சேர்க்க வேண்டும்.

மார்ச் 23, ஞாயிறு

முதல் ரிப்பேர் அதிகாலையில் ஓடி முடிந்தது. வெள்ளிக்கிழமைச் சோதனையை மறுபடி செய்தேன். இந்த முறை, கல்லின் காலம் முடிவதற்குள் மூன்றாவது கணினியை எழுப்பி ரிப்பேர் ஓட்டிவிட்டு, அதன் பிறகே கம்பாக்‌ஷன். மூன்று கணினியிலும் தனித்தனியாகத் தேடினேன். பதிவு எங்கும் இல்லை. தம்பிக்குப் போன் செய்து, நாளை மாற்றத்தைத் தொடங்கலாம் என்றேன்.