பின்னேரத்தில மட்டும் செத்துப்போற இன்ரநெற்

எங்கட வீடு பரந்தன் சந்தியில இருந்து கொஞ்சம் உள்ளுக்க, டிவிக்கு வந்த கேபிள்லயேதான் இன்ரநெற்றும் வருது. அக்கா ஸ்காபரோவில. அவ வேலைக்கு வெளிக்கிட முதல், அங்க காலமை, இஞ்ச பின்னேரம் ஆறு மணி போல அம்மாவுக்கு வட்ஸ்அப்பில எடுப்பா, அம்மாவுக்கு முழு நாளும் அந்த அரை மணித்தியாலத்துக்குத்தான். மூண்டு கிழமையா அந்தக் கோல் சரிவரவே இல்ல. எடுத்து ரெண்டு நிமிசத்தில அக்காட முகம் அப்பிடியே நிண்டிடும், அம்மா போனைத் தட்டித் தட்டிப் பாத்திட்டு பேசாமல் குசினிக்குள்ள போயிடுவா. அதைப் பாக்க ஏலாமத்தான் நான் இதில இறங்கினது.

முதல்ல கண்ணில பட்டது மோடத்திட லைட். இரா பன்ரெண்டு மணிக்கு, வீட்டில எல்லாற்ற போனும் ஓஃப், டிவி ஓஃப், ஆனா அது விடாமல் சிமிட்டிக்கொண்டு நிக்குது. ரவுட்டர்ல போய்ப் பாத்தா ஒருத்தரும் பாவிக்காத நேரத்திலயும் உள்ள வாற கணக்கு ஏறிக்கொண்டே போகுது. ஆரோ எங்கட லைனைக் களவா எடுக்கினம் எண்டுதான் நினைச்சன். கேபிள்காரத் தம்பிக்கு எடுத்து நல்லாப் பேசியும் போட்டன். அவன் பொறுமையா, "அண்ணை, உது புரோட்காஸ்ட், எல்லா வீட்டுக்கும் வாறதுதான்" எண்டு சொன்னவன், எனக்கு அந்த நேரம் அது சாட்டு மாதிரித்தான் பட்டது.

அறிவியல்நகர் பொறியியல் பீடத்தில படிக்கிற மருமகன் சனிக்கிழமை வந்தவன். ரவுட்டரைக் கழட்டிப்போட்டு மோடத்தை நேரா லாப்டொப்பில குடுத்தான், குடுத்திட்டு மோடத்தை ஒருக்கா ஓஃப் பண்ணி ஓன் பண்ணினவன், ஏனெண்டா கேபிள் மோடம் கனதுகள் முதல் கண்ட கருவியைத்தான் ஞாபகம் வச்சிருக்கும், புதுசை மதிக்காது. பிறகு லைன்ல வாறது போறதையெல்லாம் காட்டிற வயர்ஷார்க் எண்ட இலவச மென்பொருளைத் திறந்தான். திரை முழுக்க ஒரே வரி மாதிரி ஓடுது: "இந்த முகவரி ஆரிட்ட இருக்கு? எனக்குச் சொல்லுங்கோ." கேக்கிறது கேபிள் கொம்பனிட பக்கத்துப் பெரிய கருவி, அனுப்பிற இடத்தில பன்ரெண்டு F எழுத்து, எண்டா எல்லாருக்கும்.

இதுக்குப் பேர் ஏஆர்பி, 1982 இல எழுதின முறை, இண்டைக்கும் அதுதான் ஓடுது. எனக்கு இதை விளங்கப்படுத்தினது படிப்பில்ல, 2009 இல செட்டிகுளத்து முகாமில கேட்ட ஒலிபெருக்கி. ஒரு பேர் கூப்பிட்டா அத்தனை கூடாரத்திலயும் சனம் வேலையை விட்டிட்டுக் காது குடுக்கும், எழும்பிப் போறது ஒரு ஆள்தான். ஏஆர்பியும் அப்பிடித்தான், ஒரு வீட்டைத் தேட எல்லா வீட்டு வாசல்லயும் கூப்பிட்டுப் பாக்கும். ஒரே கேபிள் பகுதியில இருக்கிற நூற்றுக்கணக்கான வீட்டுக்கும் அந்தச் சத்தம் கேக்கும். அதோட, வெளி உலகத்தில இருந்து நாசகார மென்பொருள்கள் ஒவ்வொரு முகவரியாத் தட்டிப் பாத்துக்கொண்டே இருக்கும், ஆக்களே இல்லாத முகவரியளைத் தட்டினாலும் கொம்பனிட கருவி பாவம் "இது ஆரிட்ட" எண்டு கூப்பிடத்தான் வேணும். அதாலதான் நடுச்சாமத்திலயும் லைட் ஓயிறேல்ல.

கணக்குப் பாத்தம். செக்கனுக்கு ஏறத்தாழ 50 கேள்வி, ஒண்டு 64 பைட், அப்ப செக்கனுக்கு 3,200 பைட், கிட்டத்தட்ட 26 கிலோபிட். 10 மெகாபிட் லைன்ல இது நூறில ஒரு பங்குகூட இல்ல. ஒரு நாளுக்குக் கூட்டினா 270 எம்பிக்கு மேல வருது, நான் களவு எண்டு நினைச்ச கணக்கு அதுதான். அதைவிட ரவுட்டர் உந்தச் சத்தத்தை வாசல்லயே நிப்பாட்டிடும், வீட்டுக்குள்ள விடாது. அப்ப அக்காட முகம் நிக்கிறதுக்குக் காரணம் இது இல்லவே இல்ல.

பின்னேரம் ஆறு மணிக்குத் திரும்பவும் கோல் நிண்டது. மருமகன் வெளியில ஒண்டையும் பாக்கேல்ல, வீட்டு ரவுட்டருக்கே பிங் அடிச்சான், எண்டா ஒரு சின்னச் செய்தி அனுப்பிப் பதில் வர எவ்வளவு நேரம் எண்டு பாக்கிறது, ஆறடி தள்ளி மேசையில இருக்கிற ரவுட்டருக்கு. ஒரு மில்லிசெக்கனில வரவேண்டிய பதில் 700, 800, பிறகு பதிலே இல்ல. இந்த ஒரு சோதனையை நான் முதல் நாளே செய்திருந்தா அந்தத் தம்பியைப் பேசியிருக்க மாட்டன். சொந்த ரவுட்டரே பதில் சொல்ல ஏலாமல் நிண்டா பிழை வீட்டுக்குள்ள, கேபிள்ல இல்ல. ரவுட்டருக்குப் பின்னால பாத்தம், எல்லா லைட்டும் ஒரே நேரத்தில ஒரே மாதிரி வெறி பிடிச்ச மாதிரி அடிக்குது. வீட்டுப் பக்கம் வயர்ஷார்க் போட்டா செக்கனுக்கு ஆயிரக்கணக்கில, அதுவும் அச்சொட்டா அதே பாக்கெட், எண்டா அதே தரவுத் துண்டு, திரும்பத் திரும்ப.

அதே பாக்கெட் சுத்துதெண்டா எங்கயோ ஒரு வளையம் இருக்கு. கேபிளை ஒவ்வொண்டாக் கழட்டினம். முன்னுக்குக் கடைக்குப் போற கேபிளைக் கழட்டின உடன பிங் ஒரு மில்லிசெக்கன். அண்ணா பகல்ல கந்தோருக்குப் போயிட்டு நாலரைக்கு வந்துதான் கடை திறக்கிறவர், அப்பதான் கடைக்குள்ள இருக்கிற பழைய ரவுட்டருக்கும் கரண்ட் வரும். பின்னேரம் மட்டும் ஏன் எண்டது அந்த இடத்திலதான் விளங்கினது. போன வருசம் அந்தப் பழைய ரவுட்டரை வீட்டு வைஃபையை இழுத்துக் குடுக்கிற ரிப்பீட்டரா வச்சனாங்கள், மாரியில சிக்னல் காணாமல் போக அண்ணா கேபிளும் இழுத்தவர், ஆனா ரிப்பீட்டரை நிப்பாட்டேல்ல. இப்ப வீட்டுக்கும் கடைக்கும் ரெண்டு பாதை, ஒண்டு காத்தில, ஒண்டு கேபிள்ல. ஒரு போன் "ரவுட்டர் எங்க" எண்டு ஒருக்காக் கேட்டாப் போதும், அது கேபிளால போய் வைஃபையால திரும்பி வந்து திரும்பக் கேபிளால போய், நிக்கவே நிக்காது. ஐபி பாக்கெட்டுக்கெண்டா ஆயுள் எண்ணிக்கை இருக்கு, ஒவ்வொரு ரவுட்டர் தாண்டேக்கையும் ஒண்டு குறைஞ்சு கடைசியாச் செத்துப்போகும், ஆனா வீட்டுக்குள்ள கேபிள்ல ஓடுற ஈதர்நெற் சட்டகம் எண்ட வெளி உறைக்கு அப்பிடி ஒண்டும் இல்ல. இதுக்கெண்டே ரேடியா பெர்ல்மன் எண்ட பொறியியலாளர் 1985 இலயே ஸ்பானிங் ட்ரீ எண்ட வழியைக் கண்டுபிடிச்சிட்டா, மேலதிகப் பாதையைத் தானாப் பூட்டி வைக்கிற முறை, ஆனா நாங்கள் வாங்கிற மலிவுக் கருவி கனதுகளில அது இல்ல.

திருத்தினது கால் மணித்தியாலத்தில. கடை ரவுட்டர்ல ரிப்பீட்டரை நிப்பாட்டி, கேபிள்ல வாறதை வைஃபையாக் குடுக்கிற அக்சஸ் பொயின்ற் ஆக்கி, கருவியளுக்கு முகவரி பிரிச்சுக் குடுக்கிற டிஎச்சிபியை ஓஃப் பண்ணி, அந்த ரவுட்டர்ட முகவரியை வேற ஒண்டா மாத்தி, கேபிளை வெளி லைனுக்கான WAN ஓட்டையில இல்லாமல் உள் லைனுக்கான LAN ஓட்டையில குடுத்தம்.

அண்டைக்கு அக்கா வேலைக்குப் பிந்திப் போனவ. அம்மா அவவுக்கு முருங்கை மரத்தைக் காட்டவெண்டு போனைத் தூக்கிக்கொண்டு முத்தம் முழுக்க நடந்தா, படம் ஒரு இடத்திலயும் நிக்கேல்ல. நான் அடுத்த நாள் காலமை கேபிள்காரத் தம்பிக்கு எடுத்து மன்னிப்புக் கேட்டனான், "பரவாயில்ல அண்ணை, கடைப்பக்கம் வந்தா ஒரு பிளேன்ரீ தாங்கோ" எண்டவன்.