ஐப்பசியில் கடலோர கோல்ஃப்: கட்சி பிரித்து ஆடுங்கள்

காரைக்குடியில் இருந்துகொண்டு கோல்ஃப் ஆடுகிறேன் என்று சொன்னால் உடனே வரும் கேள்வி, "இங்க எங்கய்யா ஆடுவீங்க?" நியாயமான கேள்விதான், எங்கள் பக்கம் மைதானம் கிடையாது. கொடைக்கானலுக்கு ஏறினால் 1895-இல் தொடங்கிய கிளப் ஒன்று இருக்கிறது, கோயம்புத்தூர் போனால் செட்டிபாளையத்தில் ஒன்று. ஆனால் நான் எழுத வந்தது அவற்றைப் பற்றி இல்லை. வருஷா வருஷம் ஐப்பசி வாக்கில் நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஸ்காட்லாந்துக் கடற்கரையில் போய் ஆடிவிட்டு வருகிறோமே, அதைப் பற்றி. அங்கே போக நினைப்பவர்களிடம் நான் ஒன்றே ஒன்றைத்தான் சொல்வேன்: எத்தனை அடி அடித்தோம் என்று கூட்டிப் பார்க்கிற பழக்கத்தை விட்டுவிட்டு, கட்சி பிரித்து, குழிக்குக் குழி மோதி ஆடுங்கள். அந்த மண்ணுக்கும் காற்றுக்கும் அந்த ஆட்டம்தான் சரிப்படும்.

நாலு பேர் யார் என்று சொல்லிவிடுகிறேன். தேவகோட்டை அண்ணன் வங்கி வேலையாகக் கல்கத்தாவில் இருந்தபோது கற்றுக்கொண்டவர். (பிரிட்டனுக்கு வெளியே மிகப் பழைய கோல்ஃப் கிளப் அந்த ஊரில்தான், 1829-இல் ஆரம்பித்தது.) கண்டனூர்க்காரன் கோலாலம்பூரில் தொழில் செய்கிறான், எங்களில் நீளமாக அடிப்பவன் அவன்தான். பள்ளத்தூர்க்காரர் எடின்பரோவிலேயே குடியிருக்கிறார், அவர் வீட்டு மாடி அறைதான் எங்களுக்குச் சத்திரம். நான் சிங்கப்பூரில் சில வருஷம் இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பிக் கடையைப் பார்த்துக்கொள்கிறவன்.

தேதி குறிப்பதில் குழப்பமே இல்லை. ஆயுத பூசை முடிந்த பிறகு, தீபாவளிக்கு முன்னால். நடுவே மூன்று வாரத்துக்குச் சற்றுக் குறைவாகக் கிடைக்கும், அதற்குள் போய்த் திரும்பிவிட வேண்டும். பூசை அன்று கடையில் தராசு, கல்லாப்பெட்டி, பில் போடும் மெஷின் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைக்கும்போது, என் கோல்ஃப் பையையும் சுவரோரம் சாத்தி வைத்து பந்தடிக்கும் கிளப் ஒவ்வொன்றுக்கும் ஆத்தா பொட்டு வைப்பார். பந்தைத் தரையோடு உருட்டுகிற பட்டர் என்ற கிளப்பின் முதுகில் வைத்த சந்தனம் காய்ந்து ஒட்டிக்கொள்ளும், துடைக்காமலேதான் விமானம் ஏற்றுவேன். முதல் நாள் ஈரப் புல்லில் நாலைந்து குழி ஆடுவதற்குள் சந்தனம் கரைந்து போய்விடும், குங்குமச் சிவப்பு மட்டும் பட்டரில் பொறித்திருக்கும் எழுத்துப் பள்ளத்துக்குள் தங்கியிருக்கும்.

ஏன் இந்தப் பருவம் என்று கேட்பீர்கள். கோடையில் அங்கே ராத்திரி பத்து மணிக்குக்கூட வெளிச்சம் இருக்கும், உண்மைதான், ஆனால் உலகம் முழுக்க இருந்து ஆட்கள் வந்து குவிவார்கள், கட்டணமும் உச்சத்தில் நிற்கும், செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்டு கோர்ஸில் ஒரு ரவுண்டுக்கு 300 பவுண்டுக்கு மேல். அக்டோபர் தொடக்கத்தில் அங்கேயும் கார்னூஸ்டியிலும் கிங்ஸ்பார்ன்ஸிலும் டன்ஹில் என்ற பெரிய போட்டி நடக்கும், அது முடிந்ததும் கூட்டம் வடியும், பல இடங்களில் கட்டணமும் இறங்கும். நவம்பர் பிறந்துவிட்டால் ஓல்டு கோர்ஸில் புல்லைக் காப்பாற்றுவதற்காகச் சின்ன மேட் ஒன்றைக் கையில் கொடுத்து, ஃபேர்வேயில், அதாவது நடுவே வெட்டிவிட்ட புல் பாதையில், பந்தை அதன் மேல் வைத்துத்தான் அடிக்க வேண்டும் என்பார்கள், மார்ச் வரைக்கும் அப்படித்தான். ஆக நடுவில் கிடைக்கிற அந்தக் கொஞ்ச நாள்தான் நமக்கு. வெளிச்சத்தை மட்டும் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். அக்டோபர் நடுவில் மாலை ஆறு மணி தாண்டியதும் சூரியன் இறங்கிவிடும், மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளியதும் நாலரைக்கே மறைந்துவிடும். மதியம் பன்னிரண்டுக்குள் முதல் பந்தை அடித்துவிடுங்கள்.

இப்போது மண்ணுக்கு வருகிறேன், ஏனென்றால் எல்லாமே அதில்தான் இருக்கிறது. அந்த மைதானங்களுக்கு அடியில் மணல். கடல் விட்டுப்போன மணல் மேடுகள் மேல் ஃபெஸ்க்யூ, பென்ட் என்று மெல்லிய புல் படர்ந்திருக்கும். உழவுக்கு லாயக்கில்லாத நிலம், அதனால் ஆடு மேய்த்தார்கள், ஊர்க்காரர்கள் பந்தும் அடித்தார்கள். எவ்வளவு மழை பெய்தாலும் மணல் குடித்துவிடும், தரை இறுகியே கிடக்கும், பந்து விழுந்த இடத்தில் நிற்காது, ஓடும். முப்பது கஜம் ஓடும், மேட்டில் ஏறித் திரும்பும், சரிவில் வளைந்து போய் நீங்கள் நினைத்தே பார்க்காத பள்ளத்துக்குள் உட்காரும். கோலிக்குண்டு ஆடி வளர்ந்தவர்களுக்கு இது சீக்கிரம் பிடிபட்டுவிடும் என்பது என் அனுபவம். குழியை நேராகக் குறிவைக்காமல், தரை எந்தப் பக்கம் வாட்டமாக இருக்கிறது, எந்தக் கல் திருப்பிவிடும் என்று பார்த்து விடுவோமே, அதே கண்தான் வேண்டும்.

தேவகோட்டை அண்ணனுக்கு எழுபது தாண்டிவிட்டது. தூக்கி அடிக்கிற வயசு இல்லை, ஆனால் அங்கே அவரை ஜெயிப்பது கஷ்டம். குழி இருக்கிற வழவழப்பான புல்தரையான கிரீனுக்கு நாற்பது கஜம் இருக்கும்போதே பட்டரைக் கையில் எடுத்துவிடுவார். "அண்ணே, தூக்கி அடிக்க வெட்ஜ் எடுக்கலையா?" என்று கண்டனூர்க்காரன் கேட்டால், "தரை இருக்கும்போது ஆகாயம் எதுக்குடா?" என்பார். சொல்லிவிட்டு இடது பக்கம் இருக்கிற மேட்டைப் பார்த்துத் தட்டுவார், பந்து மேட்டில் ஏறி, யோசித்து, மெதுவாக வலது பக்கம் வழிந்து, கொடிக்குக் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும்.

காற்றுக்கு நாங்கள் ஊரிலேயே தயார் செய்துகொள்கிறோம். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்களே, அந்த மாதத்தில் எங்கள் ஊர்க் கண்மாய் வற்றிக் கிடக்கும், கருவேலங்காட்டுக்கு இந்தப் பக்கம் அகலமான பொட்டல். ஊருக்கு வந்திருப்பவர்கள் சேர்ந்து ஆளுக்கு ஒரு ஏழாம் நம்பர் அயர்ன் (இரும்புத் தலை கிளப்), பழைய பந்துகள் ஒரு வாளி எடுத்துக்கொண்டு காலையில் போய்விடுவோம். பழக வேண்டியது ஒரே ஒரு அடிதான். பந்தை வலது காலுக்குக் கொஞ்சம் பக்கமாக வைத்து, எடுக்க வேண்டிய கிளப்பைவிட ஒன்றிரண்டு பெரிதாக எடுத்து, கையைப் பாதி மட்டும் தூக்கி, அமைதியாக அடிப்பது. எதிர்காற்று என்றதும் ஓங்கி அடிக்கத் தோன்றும், அதுதான் ஆபத்து, ஓங்கி அடித்தால் பந்து பின்பக்கமாகச் சுழல்வது கூடும், சுழற்சி கூடினால் காற்று அதைத் தூக்கி மேலே நிறுத்திவிடும், பிறகு அது போக வேண்டிய தூரத்துக்கு முன்னாலேயே தொப்பென்று விழும். மெதுவாக அடித்த பந்து தாழ்வாகவே போகும். அதோடு அங்கே குளிர் வேறு, குளிர்ந்த காற்று அடர்த்தி கூடியது, அதே அடிக்கு நம் ஊரில் போகிற தூரம் அங்கே போகாது.

இப்படி ஒரு இடத்தில் போய் மொத்தம் எத்தனை அடி என்று கணக்கு வைத்தால் மனசு வெறுத்துத்தான் போகும். நேற்று ஏழாம் நம்பரால் எட்டிய கிரீனுக்கு இன்று பையிலேயே நீளமாக அடிக்கிற கிளப்பான டிரைவரே எட்டாது. ஒரு பங்கருக்குள், அதாவது மணல் பள்ளத்துக்குள், இறங்கினால் சுவர் மாதிரி நிற்கிற புல் வரப்பைத் தாண்டி வெளியே வர மூன்று அடி ஆகலாம். குழிக்குக் குழி மோதுகிற ஆட்டத்தில், குறைந்த அடியில் முடித்தவருக்கே அந்தக் குழி என்பதால், அந்த ஒரு குழிதான் போகும், அடுத்த டீயில், அதாவது அடுத்த குழிக்கு முதல் அடி அடிக்கிற இடத்தில், புதுக் கணக்கு. 1744-இல் எடின்பரோ பக்கம் லீத்தில் எழுதிய கோல்ஃபின் முதல் 13 விதிகளைப் படித்துப் பாருங்கள், அவையே எதிராளி ஒருவன் எதிரே நிற்கிறான் என்று வைத்துக்கொண்டு எழுதியவைதான்.

நாங்கள் முதல் டீயில் நாலு பந்தையும் சேர்த்து மேலே எறிவோம், நெருங்கி விழுகிற இரண்டும் ஒரு கட்சி. ஆளாளுக்குத் திறமையைப் பொறுத்துக் கிடைக்கிற சலுகை அடிகளான ஹேண்டிகேப்பின் வித்தியாசத்தைக் கஷ்டமான குழிகளில் கழித்துக் கொடுத்துவிடுவோம், அதனால் அண்ணனும் கண்டனூர்க்காரனும் சரிசமமாக நிற்க முடிகிறது. வெளிச்சம் குறைவான நாளில் ஃபோர்சம்ஸ், அதாவது ஒரு கட்சிக்கு ஒரே பந்து, மாற்றி மாற்றி அடிப்பது. ரொம்ப வேகமாக முடியும், உடம்பும் சூடாக இருக்கும். பங்காளி கொண்டுபோய்ப் புதரில் போட்ட பந்தை நான்தான் எடுத்து அடிக்க வேண்டும், நான் நாலடி தூரத்தில் விட்டுவைக்கிற பந்தை அவன் குழிக்குள் போட வேண்டும். நாற்பது வருஷப் பழக்கம் உள்ளவர்களுக்கு இதைவிட நல்ல ஆட்டம் இல்லை. தோற்ற கட்சி ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கொடுக்கும்.

மைதானங்களில் செயின்ட் ஆண்ட்ரூஸைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள், ஆனாலும் நான் விடப்போவதில்லை. 1552-இல் எழுதிய சாசனத்திலேயே அந்த நிலத்தில் ஊர்க்காரர்கள் கோல்ஃப் ஆடும் உரிமை இருக்கிறது. ஊர்ப் பொது நிலம் என்பதால் ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் கிடையாது, ஜனங்கள் நாயைக் கூட்டிக்கொண்டு ஃபேர்வே நடுவே நடப்பார்கள். அன்றைக்கு நாமும் நடக்கலாம், நடந்தே ஆக வேண்டும், ஏனென்றால் 112 பங்கர்களில் பலவும் டீயிலிருந்து பார்த்தால் தெரியாது. பதினெட்டுக் குழிகளுக்குப் பதினோரு கிரீன்தான். ஏழு கிரீன்களில் இரண்டிரண்டு கொடி நிற்கும், அந்த இரண்டு எண்ணையும் கூட்டினால் எப்போதும் பதினெட்டு வரும். இரண்டாவதும் பதினாறாவதும் ஒன்று, மூன்றும் பதினைந்தும் ஒன்று, இப்படி. இடம் கிடைக்க இரண்டு நாள் முன்னதாகக் குலுக்கலில் பெயர் கொடுக்க வேண்டும். பெயர் வராவிட்டால் வருத்தப்படாமல் பக்கத்திலேயே ஹிமாலயாஸ் என்கிற பட்டிங் மைதானத்துக்குப் போங்கள், 1867-இல் பெண்கள் தொடங்கிய கிளப் அது, மேடும் பள்ளமுமாக, சில பவுண்டு கொடுத்தால் யாரும் ஆடலாம். பெயர் வந்துவிட்டால், ஐப்பசி வெயிலின் அருமை அங்கேதான் தெரியும். உச்சி வெயிலில் தட்டையாகத் தெரிகிற தரை, சாய்ந்த வெயிலில் ஒவ்வொரு மேட்டுக்கும் பின்னால் நிழல் விழுந்து அலை அலையாக எழுந்து நிற்கும். கடைசி நாலைந்து குழிகள் ஊரைப் பார்த்துத் திரும்பி வரும்போது வெயில் முதுகில் அடிக்கும், எதிரே கல் கட்டடங்கள் எல்லாம் மஞ்சள் பூத்துக் கிடக்கும்.

அப்புறம் ஈலி. முதல் டீக்கு எதிரே ஒரு மேடு மறைக்கிறது, முன்னால் போனவர்கள் நகர்ந்துவிட்டார்களா என்று தெரியாது, அதற்காக நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து கழற்றிய பெரிஸ்கோப் ஒன்றை நட்டு வைத்திருக்கிறார்கள். நார்த் பெரிக்கில் பதின்மூன்றாவது குழியில் கிரீனுக்கும் நமக்கும் நடுவே கற்சுவர். எங்கள் வயல்களில் பன்றி வராமல் அடுக்கி வைப்பார்களே, அவ்வளவு உயரம்தான். கண்டனூர்க்காரன் அங்கே மட்டும் உயரத் தூக்கி அடிப்பதைப் பார்க்க ஆசையாக இருக்கும், நூறு கஜத்துக்குள் அவனுக்கு இருக்கிற கை எங்கள் யாருக்கும் இல்லை. எதிரே கடலில் பாஸ் ராக் என்ற பாறை, கோடை முழுக்க கேனட் பறவைகளால் வெள்ளையாக இருக்குமாம், நாங்கள் போகிற சமயம் அவை தெற்கே கிளம்பிக்கொண்டிருக்கும்.

மஸ்ஸல்பரோ மைதானம் ஒன்பது குழிதான், குதிரைப் பந்தய ஓடுபாதைக்கு உள்ளே இருக்கிறது, சென்னையில் கிண்டியில் ஆடியவர்களுக்குப் பழகிய காட்சி. இன்று உலகம் முழுக்க கோல்ஃப் குழியின் விட்டம் நாலேகால் அங்குலம் என்றால், அதற்கு வழி அந்த ஊரில் 1829-இல் பயன்படுத்திய குழி வெட்டும் கருவி என்கிறார்கள், 1891-இல் அந்த அளவை விதியாக்கினார்கள். வந்து இறங்கிய நாள் சாயங்காலம் ஒரு ஃபோர்சம்ஸ் போட ஏற்ற இடம்.

எனக்குத் தனிப்பட்ட முறையில் பிடித்தது கல்லன் (Gullane) என்ற ஊரின் மேட்டிலிருந்து அபர்லேடி விரிகுடாவைப் பார்க்கிற இடம். ஐப்பசியில் அங்கே ஐஸ்லாந்து, கிரீன்லாந்து பக்கமிருந்து இளஞ்சிவப்புக் கால் வாத்துகள் வந்து இறங்கும். சாயங்காலம் வரிசை வரிசையாகக் கத்திக்கொண்டே தலைக்கு மேலே போகும்போது பட்டிங்கை நிறுத்திவிட்டு எல்லாரும் நிமிர்ந்து பார்ப்போம். அதே வாரங்களில் நம் பக்கம் கொள்ளுக்குடிப்பட்டியில், வேட்டங்குடி கண்மாய்க்கு வருகிற பறவைகள் மிரளக் கூடாது என்று தீபாவளிக்கு வெடி போடாமல் இருக்கிறது ஒரு ஊரே. இதைப் பள்ளத்தூர்க்காரர் அங்கே கூட ஆட வந்த ஒரு பெரியவரிடம் சொன்னார், அவர் ஊர்ப் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லி எழுதி வாங்கிக்கொண்டார்.

சில்லறை விஷயங்கள்: இரண்டு கைக்கும் மழைக் கையுறை வாங்கிவிடுங்கள், நனைந்தால்தான் அதற்குப் பிடிப்பே வரும். கம்பளிக் குல்லா அவசியம். பிளாஸ்கில் சுக்குமல்லிக் காபி, பையில் மகிழம்பூ முறுக்கு, ஒன்பதாவது குழி முடிந்ததும் அதற்கு ஐந்து நிமிஷம். தள்ளுவண்டி போதும், பெரும்பாலும் நடைதான்.

அடுத்த முறை மேற்குக் கரையில் மாக்ரிஹானிஷ் போக வேண்டும் என்று கண்டனூர்க்காரன் பிடிவாதமாக இருக்கிறான். அங்கே முதல் அடியே இடது பக்கம் கடற்கரையைத் தாண்டி அடிக்க வேண்டும், மணலில் விழுந்தாலும் அங்கிருந்தே ஆடலாம். எடின்பரோவிலிருந்து காரில் ரொம்ப தூரம் என்று அண்ணன் சம்மதிக்கவில்லை, அந்த நேரத்துக்கு நார்த் பெரிக்கில் இன்னொரு ரவுண்டு ஆடலாம் என்கிறார். நான் இதில் அண்ணன் கட்சி. ஆடிப் பெருக்குக்குக் கண்டனூர்க்காரன் ஊருக்கு வருகிறான், கண்மாய்ப் பொட்டலில் ஒன்பது குழி தோண்டி ஆடி, ஜெயித்தவர் சொல்கிற இடம் என்று முடிவு செய்திருக்கிறோம். சுற்று வட்டாரத்தில் கிளப் பிடிக்கத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் அன்று காலை வாருங்கள், இரண்டு பக்கமும் ஆள் சேர்க்கலாம்.