பிறையில் பிறந்தவன்

டிசம்பர் 5, 2024

எங்கள் 'வேர்வுல்ஃப்: தி அபோகலிப்ஸ்' ஆட்டம் நின்றுவிட்டது. மேசையைச் சுற்றி இருந்து, ஆளுக்கொரு ஓநாய் மனிதனாகி, பகடை உருட்டிக் கதை சொல்லுகிற ஆட்டம். என் நண்பன் இல்லாமல் ஆட நான் விடமாட்டேன். கதை நின்ற இடம் அப்படி. அவனுடைய ஓநாய், உள்ளே போனவரின் மூளையைக் குழப்பும் கருஞ்சுருளின் வாசலில் நிற்கிறது. "தலை இடிக்குது மச்சான், நாளைக்குச் சொல்லுறன்" என்று எழும்பிப் போனான். அன்றிரவே காய்ச்சல்.

டிசம்பர் 6

குறையவில்லை. என்ன காய்ச்சல் என்று யாருக்கும் தெரியவில்லை.

டிசம்பர் 8

இன்று அட்டமி. ஆட்டத்தில் பாதி நிலவில் பிறந்தவர்கள் பிலோடொக்ஸ், தீர்ப்புச் சொல்பவர்கள். எங்களில் பிலோடொக்ஸாக ஆடுபவன் வாட்ஸ்அப்பில் தீர்ப்பை எழுதியே விட்டான்: சுருளுக்குள் போனவன் திரும்பி வந்தால் கொல்லவேண்டும், அதுதான் முறை.

நாள் முழுக்க மனம் ஆறவில்லை. அந்தச் சுருளில் நடந்து எதிரிகளாகிவிட்ட பிளாக் ஸ்பைரல் டான்சர்ஸ் முதலில் யார்? வைட் ஹவுலர்ஸ். ஸ்கொட்லாந்தில் பண்டைய பிக்ற் மக்களோடு வாழ்ந்த ஓநாய்க் கூட்டம். எல்லாவற்றையும் கெடுக்கும் ஆவியான வேர்மை அதன் குகையிலேயே அழிக்கவென்றுதான் கீழே இறங்கினார்கள். கறையைத் தேடி ஒருவனும் போகவில்லை. உள்ளே அந்தச் சுருளில் நடக்கவைத்து மூளையைக் குழப்பி அனுப்பியது வேர்ம். வெளியே வந்தவர்களை மற்றக் கூட்டங்கள் கண்ட இடத்தில் கொல்கின்றன. வேர்மே ஆதியில் கெட்டதில்லை. உலகின் சமநிலைக்காக இருந்தது, வலை பின்னும் ஆவியான வீவரின் வலையில் சிக்கித்தான் விசர் பிடித்தது. 1992இல் வைட் வுல்ஃப் வெளியிட்ட ஆட்டத்தின் கதையே இப்படி இருக்கும்போது, முன்னால் போய் நின்றவனை மட்டும் துரோகி என்பது என்ன நியாயம்? இதையெல்லாம் குழுவில் எழுதினேன். நீல 'டிக்' விழுந்தது. பதில் இல்லை.

டிசம்பர் 9

கண் மஞ்சளாம்.

டிசம்பர் 10

ஆஸ்பத்திரிக்குப் போனேன். உள்ளே விடும் நேரம் முடிந்துவிட்டது. அவனுடைய அம்மா, அன்ரி, வெளியே வாங்கில் இருந்தா. "தம்பி, ராத்திரி முழுக்க ஓநாய், சுருள் எண்டு பிசத்துறான். அதென்னப்பு?" என்று கேட்டா. கதை அன்ரி, நாங்கள் சேர்ந்து சொல்லுற கதை, பயப்பிடாதேங்கோ என்றேன். "அவன் அதுக்குள்ள நல்லவனோ?" என்றா.

ஓம் என்றேன்.

டிசம்பர் 12

எலிக்காய்ச்சல்தான். வெள்ளம் நின்ற வயலுக்குள் காலில் வெடிப்போடு இறங்கியிருக்கிறான். எலி மூத்திரம் கலந்த தண்ணீருக்குத் தோலில் ஒரு சின்னக் கீறல் போதும். யாழ்ப்பாணத்து வடமராட்சிப் பக்கம் உயிர்கள் போயிருக்கின்றன. வயலில் இறங்குபவர்களுக்கு முன்காப்பாக டொக்சிசைக்கிளின் கொடுக்கிறார்கள். அவனுக்குச் சிறுநீரகத்தைப் பற்றித்தான் பயம்.

டிசம்பர் 13

கார்த்திகை விளக்கீடு. வாழைக்குற்றி நாட்டி அம்மா விளக்கேற்றினா. எனக்கு ஒன்றிலும் மனம் இல்லை.

டிசம்பர் 14

போயா, முழுநிலவு நாள். சண்டைக்காரர்களான அஹ்ரூன்களின் நிலவு இது. சண்டை பிடிக்கத்தான் எனக்கும் வருகிறது, பிலோடொக்ஸோடு.

விதிப் புத்தகத்தைத் திரும்ப எடுத்தேன். சுத்திச் சடங்கு என்று ஒன்று இருக்கிறது. விடியலில் செய்தால் நல்லது. வேர்மின் கறையை அது நீக்கும், கறை உண்டாக்கிய காயத்தை ஆற்றாது. இந்த வரியில்தான் நெடுநேரம் நின்றேன். சரி, காயம் இருக்கட்டும். தழும்போடு வரட்டும். அவனை மோந்து பார்க்கிற மூக்குக்குப் பழைய நாற்றம் கொஞ்சம் அடிக்கட்டும். கூட்டம் ஒதுங்கி நிற்காமல் இருந்தால் போதும். கதையை நடத்துபவன் நான். அவனை எதிரியாக்கி மேசைக்கு அந்தப் பக்கம் வைக்கமாட்டேன்.

டிசம்பர் 15

இரத்தம் சுத்திகரிக்கத் தொடங்கிவிட்டார்கள். காய்ச்சல் இறங்கியிருக்கிறது, சிறுநீர் இன்னும் சரியாகப் போகவில்லை. இரண்டையும் அன்ரி ஒரே மூச்சில் சொன்னா. எதை முதலில் நினைப்பது என்று தெரியவில்லை.

டிசம்பர் 16

பிலோடொக்ஸ் போன் எடுத்தான். தீர்ப்பைப் பற்றி வாயே திறக்கவில்லை. "சடங்கை ஆர் செய்யிறது? அவன்தானே எங்கட தியர்ஜ்" என்று மட்டும் கேட்டான். உண்மைதான். ஆவிகளோடு பேசுகிற பிறைக்காரன் அவன் ஒருவன்தான். அந்தச் சடங்கும் அவனுக்கு மட்டும்தான் தெரியும். அவனிடமே கேட்கவேண்டும்.

நாளைக்கு இரத்தப் பரிசோதனை முடிவு வரும். அவனுடைய பத்துப்பக்கப் பகடையைக் கழுவிக் கொண்டுவந்தால் உள்ளே விடுவார்களா என்று தாதியிடம் கேட்கவேண்டும்.