கருப்பநீர்ப் பானைக்கு வால்வு: எவர்சில்வர் ஒட்டிப் பார்த்த அனுபவம்

கருப்பநீரை (பதநீரை) தெளிய வைக்கும் 50 லீற்றர் எவர்சில்வர் பானைக்கு அடிப்பக்கத்தில் ஒரு வால்வு. கொஞ்ச நாளாக ஓய்வு நேரமெல்லாம் இதற்குத்தான் போகிறது. வால்வு பொருத்தியாயிற்று, ஒழுகவில்லை, மாமி அதில் ஒரு தடவை தெளியவைத்துப் பாணியும் (பனம்பாகும்) காய்ச்சிவிட்டார். வெப்பமானிக் குழாய் இன்னும் மிச்சம். கேற்றும் கைபிடியும் வெல்டிங்கில் ஒட்டுகிறவர்கள் எங்கள் பக்கம் நிறையப் பேர் இருக்கிறார்கள். சாப்பாட்டுப் பாத்திரம் ஒட்டுவது வேறு கணக்கு. அங்கே வெளியே தெரிகிற ஒட்டைவிட உள்ளே இருக்கிற ஒட்டுத்தான் பெரிது. ஆகவே உள்பக்கத்தைப் பற்றித்தான் இங்கே அதிகம் எழுதப் போகிறேன்.

முதலில் பானையின் தேவை. இலங்கையின் வடக்கே எங்கள் பூநகரிப் பக்கம் பனைக்குக் குறைவில்லை. முட்டியின் உள்ளே சுண்ணாம்பு தடவித்தான் கருப்பநீர் இறக்குவார்கள். சுண்ணாம்பு இல்லாவிட்டால் வெயில் ஏற ஏறப் புளித்துக் கள்ளாகிவிடும். பிறகு அந்தச் சுண்ணாம்பு பாத்திரத்தின் அடியில் மண்டியாக இறங்கும். மண்டி கலங்காமல் மேலே நிற்கும் தெளிவை எடுத்தால்தான் பாணி நன்றாக வரும். பெரிய பாத்திரத்தைச் சரித்து வார்த்தால் எல்லாம் கலங்கிவிடும். அகப்பையால் அள்ளினால் பொழுது போய்விடும். அலுமினியச் சட்டி இதற்குச் சரிவராது, சுண்ணாம்பின் காரம் அலுமினியத்தை அரிக்கும். இரும்புத் தாச்சியில் நெடுநேரம் வைத்தால் நிறம் கறுக்கும். எவர்சில்வரும் அடிமட்டத்துக்குச் சற்று மேலே ஒரு வால்வும்தான் வழி.

இதே பாடுதான் வெளிநாடுகளில் வீட்டில் பியர் காய்ச்சுகிறவர்களுக்கும். மால்ற் (முளைகட்டிய தானியம்) கரைசலைக் கொதிக்கவைத்து, கசப்புக்குப் போடும் ஹொப்ஸ் பூவின் மண்டியை அடியில் விட்டுவிட்டு, தெளிவை மட்டும் இறக்க வேண்டும். அமெரிக்காவில் வீட்டில் பியர் காய்ச்ச வழிவிட்ட சட்டம் 1978இல் கையெழுத்தானது. பழைய பியர் பீப்பாயை வெட்டிக் கொதிகலனாக்குவது முதல் மெல்லிய பானையில் வால்வு ஒட்டுவது வரை அந்தப் பொழுதுபோக்குக்காரர்கள் செய்து பார்க்காதது இல்லை. நம்மிடம் உரிமம் இல்லாமல் மது காய்ச்சக் கூடாது, 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டம் இன்றும் இருக்கிறது. என் பானை கருப்பநீருக்கு மட்டும்தான். ஆனால் ஒட்டுகிற நுட்பம் இரண்டுக்கும் ஒன்றே.

பானை 304 ரகம். அதில் ஏறத்தாழ 18 வீதம் குரோமியம், 8 வீதம் நிக்கல். குரோமியம் காற்றோடு சேர்ந்து மேலே கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாக நிற்பதால்தான் கறல் பிடிப்பதில்லை. ஒட்டும்போது உலோகம் உருகிக் கொதிக்கிற நிலையில் காற்றுப் பட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். டிக் வெல்டிங் என்பது டங்ஸ்டன் ஊசி முனையில் மின்பொறி எழுப்பி உலோகத்தை உருக்கி ஒட்டுவது. அதில் டோர்ச்சிலிருந்து (கையில் பிடிக்கிற ஒட்டுமுனையிலிருந்து) வரும் ஆர்கன் வாயு முன்பக்கத்தைத்தான் மூடும். பின்பக்கம், அதாவது பானையின் உட்புறம், திறந்தே கிடக்கும். உருகல் அங்கே எட்டிப் பார்க்கிற கணத்தில் காற்றிலுள்ள ஒட்சிசன் பிடித்துக்கொள்ளும். வெளியே அடுக்கடுக்காக அழகான ஒட்டு, உள்ளே கறுத்துப் பொரிந்த பொருக்கு. அந்தப் பொருக்கின் இடுக்குகளில் இனிப்பு தங்கும், புளிக்கும், அடுத்த தடவை ஊற்றுகிற கருப்பநீரையும் கெடுக்கும். கறல் தொடங்குவதும் அங்கேதான்.

இதைக் கண்ணால் பார்த்துவிட்டே பானையில் கை வைப்பதென்று, ஒரே தகட்டிலிருந்து வெட்டிய துண்டுகளில் இரண்டு மாதிரி ஒட்டினேன். ஒன்றுக்குப் பின்பக்கமும் ஆர்கன் கொடுத்தேன், மற்றதற்குக் கொடுக்கவில்லை. முன்பக்கம் பார்த்தால் இரண்டும் அச்சொட்டாக ஒன்றுதான். திருப்பினால், வாயு கொடுத்ததில் ஒட்டின் ஓரம் வெளிறிய வைக்கோல் நிறம், நடுவில் வெள்ளிக் கோடு. கொடுக்காததில் கரிக்கட்டியைத் தடவுவதுபோல் நகத்தில் உராய்ந்தது. இரண்டையும் எங்கள் கிணற்றுச் சவர்த் தண்ணீரில் போட்டு வைத்தேன். கறுத்த துண்டில் மண்ணிறப் புள்ளிகள் கிளம்பின, மற்றது அப்படியே இருந்தது. நிறத்துக்கும் ஒரு வரிசை உண்டு: வைக்கோல், பொன், நீலம், சாம்பல், கறுப்பு. வைக்கோல் நிறத்தோடு நின்றால் நல்லது. நீலம் தாண்டினால் அந்த இடத்தைச் சுரண்டி எடுத்துச் சுத்தம் செய்யாமல் உணவுக்குப் பயன்படுத்த மாட்டேன்.

வால்வை நேரே ஒட்டவில்லை. பால் பதனிடும் ஆலைகளில் பாவிக்கிற ஒன்றரை அங்குல டிரை கிளாம்ப் வளையத்தைத்தான் ஒட்டினேன். வால்வு அதில் கவ்வியால் பூட்டிக்கொள்ளும். மரைப் பூட்டில் புரிகளுக்குள் இனிப்பு ஊறிக் காயும், இதில் கவ்வியைக் கழற்றி எல்லாவற்றையும் கழுவலாம். விலை கூடத்தான். ஆனாலும் இந்த இடத்தில் காசு பார்க்கக் கூடாது.

இனி துளை. சுவரில் துளை போட்டு வளையத்தைச் செருகிச் சுற்றிவர ஒட்டினால் உள்ளே ஒரு விளிம்பு நிற்கும், அதன் அடியில் இடுக்கு வரும். பியர்க்காரர்களிடம் இதற்கு நல்ல உபாயம் இருக்கிறது. வளையத்தின் விட்டம் 38 மில்லிமீற்றர் என்றால் 30 அளவில் சிறு துளை போட்டு, கூம்பு வடிவ இரும்புக் கட்டியொன்றைப் போல்ற்றும் நட்டும் கொண்டு உள்ளிருந்து வெளியே இழுப்பார்கள். துளையின் விளிம்பு விரிந்து வெளிப்பக்கமாகக் குட்டிக் கழுத்துப்போல் நிமிரும். வளையத்தை அந்தக் கழுத்தின்மேல் முட்டுக்கு முட்டு வைத்து ஒட்டினால் உள்ளே படியே இருக்காது. கிளிநொச்சியில் ஒரு லேத் பட்டறையில் கூம்பைக் கடைந்து தந்தார்கள். துளையின் ஓரத்தை நன்றாக மழுங்க அராவி, எண்ணெய் பூசி, நட்டைக் கால் சுற்றுக் கால் சுற்றாக இறுக்க வேண்டும். ஓரத்தில் சின்னக் கீறல் இருந்தாலும் இழுக்கும்போது வெடிக்கும்.

பின்வாயு கொடுக்கிற ஏற்பாடு இப்படி. பானையைக் கிடத்தி, வளையம் மேலே பார்க்கும்படி வைத்தேன். உள்ளே துளைக்கு அடியில் அலுமினியத் தாளாலும் அலுமினிய ஒட்டுநாடாவாலும் ஒரு பை கட்டினேன். ஆர்கன் காற்றைவிடப் பாரமானது, கீழே தங்கும். ஆகவே பையின் அடியில் வாயுக் குழாயை விட்டு, வளையத்தின் மேல்வாயை மூடி, மூடியில் சிறு துளை வைத்தேன். பாரமான வாயு அடியிலிருந்து நிரம்பி, உள்ளே இருந்த காற்றை மேல் துளையால் தள்ளிவிடும். நிமிடத்துக்கு 4 லீற்றர் போதும். கூட்டித் திறந்தால் சுழன்று வெளிக்காற்றையும் இழுத்துவிடும். கொஞ்சம் பொறுத்துத்தான் ஒட்டத் தொடங்க வேண்டும், அவசரப்பட்டால் முதல் பொட்டே (பிடிப்புக்கு வைக்கும் புள்ளி ஒட்டே) கறுக்கும்.

டோர்ச்சுக்கு நிமிடத்துக்கு 8 லீற்றர், 1.6 மில்லிமீற்றர் லந்தானம் கலந்த டங்ஸ்டன் ஊசி, நீளவாட்டில் தீட்டியது. நேர்மின்னோட்டம் (டிசி), டோர்ச் எதிர் (மைனஸ்) முனையில், 35 முதல் 40 அம்பியர். ஒட்டில் உருக்கிச் சேர்க்கும் பில்லர் கம்பி 308எல். அந்த எல் என்றால் கரி குறைந்த ரகம். கரி கூடினால் சூடு பட்ட ஓரத்தில் குரோமியத்தைப் பிடித்துவைத்து, அந்த ஓரத்தையே கறலுக்குக் கொடுத்துவிடும். எவர்சில்வர் சாதாரண இரும்பில் மூன்றிலொரு பங்குதான் சூட்டைக் கடத்தும், ஆனால் ஒன்றரை மடங்கு விரியும். சூடு ஒட்டின இடத்திலேயே தேங்கிச் சுவரை நெளித்துவிடும். எதிரெதிராகப் பொட்டு வைத்து, கால் வட்டம் ஒட்டி, கை வைக்கிற அளவுக்கு ஆறவிட்டு, பிறகு எதிர்ப்பக்கம். இப்படிப் போனதால் பானை நெளியவில்லை.

சோளகம் (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் திறந்த கொட்டிலில் இந்த வேலை ஆகாது. காற்று ஆர்கனை அள்ளிக்கொண்டு போய்விடும். நான் விடியப்புறம், காற்று எழும்ப முன்னம், இரண்டு பக்கமும் தகரம் நிறுத்திவைத்து ஒட்டினேன். மின்சாரமும் அந்த நேரம் எங்கள் வீட்டில் இறங்காமல் நிற்கும்.

சில விஷயங்களில் விளையாடவே கூடாது. ஒட்டுகிற இடத்தை அசிற்றோனால் துடைத்து, முழுக்கக் காயவிட வேண்டும். குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்துவிட்டு ஒட்டினால் பொஸ்ஜீன் என்ற நச்சு வாயு உண்டாகும், ஆளையே கொல்லும். எவர்சில்வர்ப் புகையில் புற்றுநோய் தரும் குரோமியச் சேர்மம் இருக்கிறது, ஆகவே புகைக்குரிய முகக்கவசம் வேண்டும். ஆர்கன் நிரம்பிய பானைக்குள் தலையை விடக் கூடாது, மணமே இல்லாமல் மூச்சை நிறுத்திவிடும். சாரமும் செருப்புமாக நின்று ஒட்டுகிற தம்பிமார் தயவுசெய்து முழுக்கைப் பருத்திச் சட்டையும் சப்பாத்தும் போடுங்கள்.

டிக் மெசின் இல்லாதவர்கள் வெள்ளி கலந்த ஈயமற்ற பற்றாசு (சோல்டர்) வைத்து ஒட்டுவார்கள். காஸ் அடுப்புக்கு அது போதும். நம்முடைய விறகு அடுப்பில் சுவாலை பக்கச் சுவரில் ஏறும். அந்த மென்பற்றாசு 220 பாகை அளவிலேயே உருகுவது, வெறும்பானை சூடேறினால் கழன்றுவிடும். அதனால் அந்த வழியை விட்டுவிட்டேன்.

ஒட்டி முடிந்ததும் எவர்சில்வருக்கென்றே வைத்திருக்கும் தூரிகையால் தேய்த்தேன். இரும்பு தேய்த்த தூரிகையோ கிரைண்டர் தட்டோ பட்டால் அந்த இரும்புத் துகளே கறல் பிடிக்கும். பிறகு நூற்றுக்குப் பத்து வீதம் சிற்றிக் அமிலக் கரைசலை இளஞ்சூட்டில் அரைமணி நேரம் உள்ளே நிறுத்தி, கழுவி, காற்றில் உலரவிட்டேன். குரோமியப் படலம் தானாகவே திரும்ப வளரும். ஒட்டின் கறுப்பை நீக்கப் பூசும் கடைப் பசைகள் பலவற்றில் ஹைட்ரோபுளோரிக் அமிலம் இருக்கிறது, அதை வீட்டுக்குள் எடுக்கவே மாட்டேன்.

மாமிக்கு ஒட்டைக் காட்டினேன். வெளிப்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. பானைக்குள் கையை விட்டு வளையத்தைச் சுற்றி விரலால் தடவினார். “தம்பி, ஒரு இடமும் தட்டுப்படேல்லை. கழுவ லேசு.” அன்றைக்கே கருப்பநீர் ஊற்றித் தெளியவைத்தோம். வால்வைத் திறந்ததும் முதல் கோப்பை கொஞ்சம் மங்கல், பிறகு கண்ணாடியாக வந்தது. மண்டி அடியில் அசையாமல் கிடந்தது. காய்ச்சும்போது கொதிநிலை 104, 105 பாகைக்கு ஏறினால் பாணிப் பதம், சீனி ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ஆகிவிட்டதென்று அர்த்தம். மாமி கரண்டியிலிருந்து வழிகிற நூலைப் பார்த்தே அந்த இடத்தில் நிறுத்தினார், கைவெப்பமானியும் அதையே காட்டியது.

அந்த வெப்பமானியைச் சுவரிலேயே வைக்க, ஒரு முனை மூடிய மெல்லிய குழாய் ஒட்ட வேண்டும். குழாய்ச் சுவர் அரை மில்லிமீற்றர்தான், 20 அம்பியருக்கு மேல் போனால் ஓட்டையாகிவிடும். முனையை மூட பில்லர் கம்பி தேவைப்படாது, ஓரங்களையே உருக்கிச் சேர்க்கலாம். ஊசியை இன்னும் கூராகத் தீட்டி, துண்டுக் குழாய்களில் கை பழக்கிக்கொண்டிருக்கிறேன். அடுத்த பனைப் பருவம் தொடங்க முன்னம் அது பானையில் ஏறிவிடும்.