பிரியாணிக்கு முன்னால் நாலே நாலு வரி

என் மனைவி எங்கள் சபையின் பாடகர் குழுவான கொயரில் ஆல்ட்டோ, அதாவது பெண்களில் தாழ்ந்த குரல். நான் அதே கொயரில் எமர்ஜென்சி லைட். வீடு வீடாகக் கிறிஸ்மஸ் பாட்டுப் பாடிக்கொண்டு கேரல் ரவுண்ட்ஸ் போகும் ராத்திரிகளில் பாளையங்கோட்டைத் தெருக்களில் லைட்டைத் தூக்கிப் பிடிப்பதும், நாய் குரைத்தால் முதல் ஆளாகப் போய் நிற்பதும்தான் என் ஊழியம். அந்த உரிமையில் வருஷா வருஷம் கொயரின் கிறிஸ்மஸ் பார்ட்டியில் எனக்கும் ஒரு தட்டு உண்டு. யார் யாருக்கு ரகசியமாகப் பரிசு தருவது என்று குலுக்கிப் போடும் கிறிஸ்மாம், கிறிஸ்சைல்ட் சீட்டிலும் என் பெயரைப் போட்டுவிடுவார்கள்.

இந்த வருஷம் ஏழரை மணிக்குச் சாப்பாடு என்றார்கள். ஏழு மணிக்கே ஹாலுக்குப் பின்னால் தம் போட்ட அண்டாவைச் சுற்றி ஒரு நடை போய்விட்டு வந்தேன். சீரகச் சம்பா வாசம். மேஜையில் அச்சு முறுக்கும் முந்திரிக்கொத்தும் இருந்தன. கை வைக்கப் போனேன். "ஜெபம் பண்ணலியே இன்னும்" என்றாள் மனைவி.

சரி, ஜெபம்தானே என்று நினைத்தேன். ஆனால் கொயர்காரர்கள் ஜெபத்தைச் சொல்ல மாட்டார்கள், பாடுவார்கள். சாப்பாட்டுக்கு முன் பாடும் அந்த நாலு வரியின் மெட்டுக்கு 'ஓல்டு ஹண்ட்ரட்' என்று பெயர். 1551லேயே ஜெனீவாவில் சங்கீதப் புத்தகத்தில் அச்சான மெட்டு. நிதானமாகப் பாடினாலும் ஒரு நிமிஷம் தாண்டாது. அதற்குள் அண்டாவைத் திறந்து, பிளேட்டில் பிரியாணி போட்டு, ஆளாளுக்குக் கையில் கொடுத்தும்விட்டார்கள்.

கொயர் மாஸ்டர் அண்ணாச்சி பாக்கெட்டிலிருந்து, சுருதி கொடுக்கும் சின்ன ஊதலான பிட்ச் பைப்பை எடுத்து ஊதினார். பார்ட்டிக்கு வரும்போதும் பாக்கெட்டில் பிட்ச் பைப்! பெண்களில் சோப்ரானோ, ஆல்ட்டோ, ஆண்களில் டெனர், பேஸ் என்று நாலு குரலும் எழும்பின. இரண்டாவது வரியில் அண்ணாச்சியின் கை அந்தரத்தில் நின்றது.

"ஆல்ட்டோ, சுருதியில இறங்குதீங்க. மறுபடியும்."

ஆல்ட்டோக்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். என் மனைவி என்னைப் பார்த்தாள், நான் என்னவோ செய்த மாதிரி. இரண்டாவது தடவை மூன்றாம் வரி வரை போனது. "டெனர், என்ன அவசரம்? பஸ்ஸா போயிரும்?" பஸ் போகாது அண்ணாச்சி, பிரியாணியில் ஆவி போய்க்கொண்டிருக்கிறது என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. லைட் பிடிப்பவனுக்கு ஓட்டுரிமை கிடையாது.

மூன்றாவது தடவை யாரோ மடித்து வைத்திருந்த சோல்ஃபா தாளை, அதாவது ஸ்வரங்களை எழுத்தில் குறித்த தாளை, விரித்தே விட்டார்கள். அதில் பாட்டே இருக்காது. ஆங்கில எழுத்துகளும் முக்காற்புள்ளிகளுமாக, தந்தி ஆபீஸில் கிழித்துப் போட்ட காகிதம் மாதிரி இருக்கும். திருமணமான புதிதில் அதைப் பழைய துணிக்கணக்கு என்று நினைத்து நான் குப்பையில் போட்டதை இன்றைக்கும் வீட்டில் யாரும் மறக்கவில்லை.

தாளைப் பார்த்துப் பாடினார்கள். இந்தத் தடவை நன்றாகவே வந்தது. கடைசி வரி, கடைசிச் சொல், இன்னும் ஒரே ஒரு ஆமென்தான் பாக்கி. அண்ணாச்சி கண்ணை மூடியபடியே கையை உயர்த்தினார்.

"பேஸ் பக்கம் புதுசா யாரோ பாடுதாவ. யாரு அது?"

ஹாலே திரும்பியது. சத்தியமாக நான் பாடவில்லை. சீக்கிரம் முடியட்டும் என்ற ஆசையில், தட்டைப் பார்த்தபடி லேசாக முனகியிருக்கிறேன், அவ்வளவுதான். மூன்று தடவையும் முனகியிருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. ஆல்ட்டோ வரிசையில் ஒரே முணுமுணுப்பு. அதில் என் மனைவியின் குரல் துல்லியமாகக் கேட்டது, கொஞ்சமும் இறங்காமல்.

நாலாவது தடவை வாயை இறுக்கி மூடிக்கொண்டு நின்றேன். குற்றமில்லாமல் முடிந்தது. சமையல் மாஸ்டர் கரண்டியோடு என் பக்கத்தில் வந்து, "ரெண்டாவது வாட்டியே நல்லாத்தான் இருந்துது அண்ணாச்சி" என்றார் ரகசியமாக. பிரியாணி அதற்குள் ஆறி, டால்டா தட்டில் வெள்ளையாகப் படிந்துவிட்டது. இரண்டு தட்டு சாப்பிட்டேன். அது வேறு விஷயம்.

கடைசியில் கிறிஸ்மாம் பரிசுகளைக் கொடுத்தார்கள். எனக்கு வந்த பொட்டலத்தைப் பிரித்தால் பனங்கற்கண்டு, சுக்கு, ஒரு துண்டு சித்தரத்தை. போன வாரமே வாங்கிக் கட்டியிருக்கிறார்கள். கூடவே பிட்ச் பைப்காரரின் கையெழுத்தில் ஒரு சீட்டு:

"கேரல் ரவுண்ட்ஸிலேயே கேட்டேன். தொண்டை இருக்கு. ஜனவரியில் பிராக்டிஸுக்கு வாங்க. முதல் ஆறு மாசம் பாடாமல்."