கூர்ப்புப் பாடமும் என் எஃப்.பி.சி. துண்டும்

2023 மார்கழி மழைக்குள் எனக்கு மூன்று நாள் காய்ச்சல். டெங்காக இருக்கும் என்று அம்மா பயந்ததால் கிளிநொச்சியில் ஆஸ்பத்திரிக்குப் போய், எஃப்.பி.சி. என்கிற முழுக் குருதிக் கணக்குப் பரிசோதனைக்குக் குருதி கொடுத்தேன். டெங்கு இல்லை, பிளேட்லட்டும் சரி. துண்டை மடித்துச் சட்டைப் பைக்குள் வைக்கப்போன என்னை அந்த இளம் டொக்டர் மறித்தார். பேனா முனையை ஒரு வரியில் வைத்துக்கொண்டு, "சேர், உங்களுக்கு இரத்தம் காணாது எண்டு முந்தி ஆரும் சொன்னவையோ?" என்று கேட்டார்.

சொல்லாத ஆள் யார்? கம்பஸில் இரத்ததான முகாமுக்குப் போய் இரண்டு தரம் திரும்பி வந்திருக்கிறேன். பிறகு ஒரு கிளினிக்கில் ஒன்றரை வருடம் இரும்புக் குளிசை தந்தார்கள். வயிறு கட்டியதுதான் மிச்சம், ஈமோகுளோபின் 12 ஐ விட்டு அசையவில்லை. "நீர் ஒழுங்காக் குளிசை போடுறேல்லை" என்று ஏச்சும் வாங்கினேன். வீட்டில் முருங்கையிலை வறையும் பீற்றூட்டும் மாறி மாறி வந்தன. அந்தக் காலம் முழுக்க ஒருவரும் ஈமோகுளோபினுக்குக் கீழே இருந்த வரிகளை வாசிக்கவில்லை. உயிரியல் படிப்பிக்கிற நானும் வாசிக்கவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அந்த வரிகள் இவை. ஈமோகுளோபின் 12.1. செங்குழியங்கள் ஒரு மைக்ரோலீற்றருக்கு 6.2 மில்லியன். ஒரு செங்குழியத்தின் சராசரிப் பருமன், எம்.சி.வி. என்று போட்டிருக்கும், 63. அது 80 க்கு மேல் இருக்கவேண்டும். இரும்பு குறைந்தாலும் குழியம் சின்னதாகும், ஆனால் அப்போது எண்ணிக்கையும் குறைந்து போகும். என்னுடையதில் குழியம் சின்னன், எண்ணிக்கையோ சாதாரண ஆம்பிளையை விடக் கூட. டொக்டர் தன் போனில் 63 ஐ 6.2 ஆல் பிரித்துக் காட்டினார். பத்து வந்தது. 13 க்குக் கீழே வந்தால் இரும்பை விட்டுவிட்டு, ஈமோகுளோபின் சரியாக உருவாகாத பரம்பரைக் குறைபாடான தலசீமியாவை யோசிக்கச் சொல்கிற இந்தக் கணக்கு 1973 இல் வந்தது, மென்ட்சர் சுட்டி என்று பெயர். முடிவு சொல்கிற கணக்கு இல்லை, அடுத்த பரிசோதனைக்கு வழி காட்டுகிற கணக்கு.

எனக்குக் காய்ச்சல் விட்டது அந்த இடத்திலா, குளிசையாலா என்று தெரியாது. உயர்தர வகுப்பில் ஒன்பது வருடமாகக் கூர்ப்புப் பாடம் எடுக்கிறேன். மனிதனில் இயற்கைத் தேர்வுக்கு உதாரணம் கேட்டால் கை தானாக ஆபிரிக்காவின் வரைபடத்தைக் கீறும். மலேரியா உள்ள இடத்துக்கு ஒரு நிறம், அரிவாள்கலக் குருதிச்சோகை உள்ள இடத்துக்கு இன்னொரு நிறம், இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று படியும். பழுது ஒரு பங்கு மட்டும் உள்ள ஆளை மலேரியாவால் இலேசில் கொல்ல முடியாது, அதனால்தான் அந்தப் பழுது அங்கே நிலைத்தது, 1954 இல் அந்தோனி அலிசன் கிழக்கு ஆபிரிக்காவில் அதைக் காட்டினார் என்று சொல்லி முடிப்பேன். அதற்கு ஐந்து வருடம் முதலே, 1949 இல், உயிரியலாளர் ஹோல்டேன் இதே யோசனையைத் தலசீமியாவை வைத்துத்தான் சொன்னார். அதையும் ஒரு வரியாகச் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன். சோக்கட்டி பிடித்த அந்தக் கைக்குள்ளேயே உதாரணம் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

அடுத்தது எச்.பி.எல்.சி., ஈமோகுளோபினின் வகைகளைப் பிரித்து அளக்கிற பரிசோதனை. மாதிரி கொழும்புக்குப் போகவேண்டும் என்பதால் வவுனியாவில் ஒரு தனியார் எடுப்பிடத்தில் கொடுத்தேன். பன்னிரண்டு நாள் கழித்துத் தொலைபேசி வந்தது: குருதி உறைந்துபோய்விட்டதாம், திரும்ப வரட்டாம். பிழையான குழாயில் எடுத்திருக்கிறார்கள். உறையாமல் வைக்கிற மருந்து உள்ள குழாய்க்கு ஊதா மூடி இருக்கும். எஃப்.பி.சி.க்கும் இதற்கும் அதுதான். இரண்டாம் தரம் போனபோது ஊசி குத்த முதலே மூடியின் நிறத்தைப் பார்த்தேன். அந்தப் பிள்ளைக்குக் கோபம் வந்தது, வரட்டும்.

மாசியில் முடிவு வந்தது. வளர்ந்த ஆளின் ஈமோகுளோபினில் ஏ2 என்ற வகை இரண்டு மூன்று வீதம்தான் இருக்கும். ஈமோகுளோபினின் ஒரு பகுதியான பீற்றாச் சங்கிலி குறைவாக உருவாகும் ஆட்களில் அது 3.5 வீதத்துக்கு மேல் ஏறும். எனக்கு 5.2. பீற்றாத் தலசீமியா காவி, அதாவது பழுதைக் காவிக்கொண்டு திரிகிற ஆள். எங்கள் பாடப் பேச்சில் சொன்னால் பல்லினநுகம்: தாயிடமிருந்து ஒன்றும் தகப்பனிடமிருந்து ஒன்றுமாக வரும் பரம்பரையலகுப் பிரதிகளில், எதிருருக்களில், ஒன்று பழுது, மற்றது சரி. நோயாளி இல்லை. மருந்து இல்லை, சாப்பாட்டுப் பத்தியம் இல்லை. உடம்பில் சேர்ந்திருக்கும் இரும்பைக் காட்டுகிற ஃபெரிட்டினைப் பார்த்து இரும்பு உண்மையாகக் குறைந்தால் தவிர இரும்புக் குளிசை வேண்டாம் என்று டொக்டர் கிளினிக் கொப்பியில் எழுதிக் கீழே இரண்டு கோடும் இழுத்தார்.

இவ்வளவோடு முடிந்திருக்கும். ஆனால் எனக்கு மாமாவின் மகளைப் பேசி வைத்திருந்தார்கள். அம்மாவின் கூடப்பிறந்த தம்பியின் மகள். ஆவணியில் நாள் பார்த்தாயிற்று.

இரண்டு காவிகள் கட்டினால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு தலசீமியா நோய் வர இடமுண்டு. அப்படிப் பிறக்கிற பிள்ளைக்கு மாதா மாதம் குருதி ஏற்றவேண்டும், ஏற்றுகிற குருதியால் உடம்பில் சேரும் இரும்பை இறக்கவும் மருந்து எடுத்துக்கொண்டே இருக்கவேண்டும். தாயின் உயிருக்கு ஆபத்து என்றால் தவிர இங்கே சட்டப்படி கர்ப்பத்தைக் கலைக்கவும் முடியாது. அதனால் கர்ப்பத்தில் வைத்துக் கண்டுபிடித்து ஒன்றும் செய்வதற்கில்லை, கலியாணத்துக்கு முதல் தெரிந்திருப்பதுதான் வழி. சொந்தத்துக்குள் என்றால் கணக்கு இன்னும் கிட்ட வரும். ஒரே பாட்டன் பாட்டியிடமிருந்து ஒரே பழுது இரண்டு கைவழியாகவும் இறங்கியிருக்கலாம்.

நண்பர்களிடம் கேட்டால் எல்லாரும் ஒரே பாட்டு: சொந்தத்துக்குள்ள கட்டாதை. இந்த அறிவுரையில் எனக்கு உடன்பாடில்லை. பிறத்தியாரைக் கட்டுகிறவன் காவியைக் கட்டமாட்டான் என்று யார் எழுதிக் கொடுத்தது? பார்க்கவேண்டியதைப் பார்க்காமல் தப்புவதற்கு அது ஒரு சாட்டு.

அம்மாவின் கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் குடும்ப வரைபடம் கீறினேன். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். பழுது எனக்கு அம்மாவிடமிருந்து வந்திருந்தால், மாமாவிடம் இருக்க அரைவாசி வாய்ப்பு, மச்சாளிடம் இருக்க காற்பங்கு. அப்பாவிடமிருந்து வந்திருந்தால் மச்சாளுக்கும் இந்தப் பழுதுக்கும் என் வழியாகத் தொடர்பே இல்லை. அப்பாவைக் கேட்க முடியாது, 2009 க்குப் பிறகு அவர் இல்லை. அம்மாவைப் பார்த்தாலே பாதிக் கேள்வி தீர்ந்துவிடும். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொப்பியைப் பார்த்தா. "என்னை ஏன் வட்டமாக் கீறினனி? நான் அவ்வளவு உடம்போ?" என்றுவிட்டு, அடுத்த நாள் காலமையே வெளிக்கிட்டு நின்றா.

அம்மாவின் எம்.சி.வி. 86, ஏ2 2.7. சுத்தமாக ஒன்றும் இல்லை. அப்படியென்றால் இது அப்பாவுடையது.

மலேரியாவை எனக்குப் புத்தகம் சொல்லித்தரத் தேவையில்லை. 1996 இல் கிளிநொச்சியை விட்டு மல்லாவிக்கு இடம்பெயர்ந்தபோது எனக்கு ஆறு வயது. காய்ச்சல் இல்லாத கொட்டில் அந்த ஒழுங்கையில் இல்லை. ஒருநாள் விட்டு ஒருநாள், மணிக்கூடு பார்த்ததுபோல, பின்னேரம் மூன்று மணிக்கு நடுக்கம் தொடங்கும். நடுங்குகிற ஆளுக்கு மேலே சாக்கு, அதற்கு மேலே பாய், அதற்கும் மேலே பிள்ளைகள் நாங்கள் ஏறிப் படுப்போம். பாய் எங்களையும் சேர்த்து ஆட்டும். விரலில் குத்தி ஒரு சொட்டைக் கண்ணாடித் துண்டில் பூசி எடுத்துக்கொண்டு போவார்கள். குளோரோகுயினை அம்மா வாழைப்பழத்துக்குள் புதைத்துத் தருவா, நாக்கு அதைத் தேடிக் கண்டுபிடித்துவிடும். மருந்தடிக்க வருகிற ஆட்கள் மலத்தியன் தெளித்துவிட்டுப் போன மண்சுவரில் வெள்ளையாகப் படிந்திருக்கும், அந்த மணம் சோற்றிலும் இருக்கும்.

அப்பாவுக்கும் நாலைந்து தரம் வந்தது. நடுங்கி எழும்பி மற்ற நாள் வயலுக்குப் போன மனுசன் அவர். படுத்த படுக்கையாகக் கிடந்தது அம்மாதான். ஏ2 துண்டைக் கையில் வைத்துக்கொண்டு இதை நினைத்தபோது கதை அழகாகப் பொருந்தி வந்தது. நெடுங்கேணிப் பக்கத்துக் காட்டு ஊரில், குளத்துக்குக் கீழே தலைமுறையாக இருந்த அப்பாவின் ஆட்களிடம் இந்தக் கவசம் இருந்தது, தீவுப்பகுதியிலிருந்து அக்கராயனுக்குக் காணிக்கு வந்த அம்மாவின் ஆட்களிடம் இல்லை. வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் கைதட்டுவார்கள்.

பிறகு யோசித்தேன், ஒரு அப்பாவையும் ஒரு அம்மாவையும் வைத்துக் கூர்ப்புச் சொல்வது சாத்திரம் சொல்வது மாதிரித்தான். காவிகளுக்கும் மலேரியா வரும், கடுமையாகிச் சாகிற ஆபத்துத்தான் குறைவு, அதுவும் பெரும் கூட்டத்தில் பல தலைமுறையாக எண்ணிப் பார்த்தால் தெரிகிற குறைவு. பீற்றாத் தலசீமியாவை உண்டாக்கும் விகாரங்கள், அதாவது பரம்பரையலகில் நேரும் எழுத்துப் பிழைகள், 200 க்கு மேல் உண்டு. மத்தியதரைக் கடல் பக்கம் அதிகம் உள்ளவை வேறு, எங்கள் பக்கம் அதிகம் உள்ளவை வேறு. தனித்தனி இடத்தில் தனித்தனியாகப் பிழையாகிப்போன எழுத்துகளை மலேரியா தாங்கிப் பிடித்திருக்கிறது. இலங்கையில் அதிகம் காணும் விகாரம்தான் இந்தியாவிலும் அதிகம்.  என்னிடம் இருப்பது அந்த விகாரமா வேறொன்றா என்று டி.என்.ஏ. பார்த்தால்தான் தெரியும், நான் பார்க்கவில்லை. அதனால் நெடுங்கேணிக் காட்டின் சொத்து என்று உரிமை கொண்டாட வழியில்லை. பழுதான எதிருருவுக்கு ஊர் இல்லை, சாதி இல்லை, மொழி இல்லை. அதற்குத் தேவைப்பட்டது நுளம்பு மட்டும்.

அந்த நுளம்பு, அனோபிலிஸ் குலிசிபேசிஸ், ஆறு வற்றும்போது மணலில் தேங்குகிற குட்டையில் முட்டையிடும். 1934-35 இல் மழை பிழைத்து ஈரவலயத்து ஆறுகளே வற்றியபோது ஏறத்தாழ 80,000 பேர் செத்தார்கள். 1963 இல் நாடு முழுக்கப் பதிவானது 17 பேருக்குத்தான், ஒழிந்தது என்று கை விட்டதும் சில வருடத்திலேயே லட்சக்கணக்கில் திரும்பி வந்தது. கடைசியாக உள்ளூரில் தொற்றிய மலேரியா 2012 ஒக்டோபரில். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் சான்று தந்தது. எனக்கு வகுப்பில் இருக்கிற பிள்ளைகள் மலேரியாவைக் கண்டதே இல்லை. ஆனால் அவர்களிலும் காவிகள் இருப்பார்கள். பரம்பரையலகு பன்னிரண்டு வருடத்தில் வெளிக்கிட்டுப் போகாது.

சரி, மச்சாள். அம்மா வழியில் வரவில்லை என்பதால் விட்டிருக்கலாம். ஆனால் மாமி வேறு குடும்பம், அந்தப் பக்கம் எனக்கு எதுவும் தெரியாது. மாமாவிடம் போய்ச் சொன்னேன். எழும்பி முற்றத்துக்குப் போய்விட்டார். "என்ர பிள்ளையில என்ன குறை கண்டனி?" என்று மாட்டைப் பார்த்துக்கொண்டு கேட்டார். குறை என்னில்தான் மாமா என்று என் துண்டைக் காட்டினேன். அது இன்னும் பிழையாகப் போனது. இரத்தத்தில் வருத்தம் உள்ளவனுக்கா பிள்ளையைக் கொடுக்கிறது என்று மாமி தொடங்கிவிட்டா. இந்த இடத்தில் ஒரு புத்தி சொல்வேன்: பெரியாக்களிடம் போக முதல் கட்டப்போகிற ஆளிடம் நேரே பேசிவிடுங்கள். நான் அதைத் தலைகீழாகச் செய்தேன்.

மச்சாள் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறவள். அன்று இரவே செய்தி போட்டாள்: "எனக்குத் தெரியாமல் என்ர இரத்தத்தைப் பற்றி இவ்வளவு கதையோ?" மன்னிப்புக் கேட்டேன். அடுத்த கிழமை மத்தியான இடைவேளைக்குள் தானே போய்க் குருதி கொடுத்துவிட்டு வந்தாள். மூடி ஊதா என்று படமும் அனுப்பினாள்.

அவளுடைய துண்டு வந்ததும் எனக்கு நெஞ்சு திக்கென்றது. ஈமோகுளோபின் 10.4, எம்.சி.வி. 74. பிறகு செங்குழியம் பார்த்தேன், 4.2. பிரித்தால் பதினேழுக்கு மேல். ஃபெரிட்டின் 7. இது இரும்புக் குறைவு. ஏ2 2.1 தான், ஆனால் டொக்டர் அதை ஏற்கவில்லை. இரும்பு குறைந்திருக்கும்போது ஏ2 உம் இறங்கிக் காட்டும், காவி ஒளிந்திருக்கலாம், மூன்று மாதம் குளிசை போட்டுவிட்டுத் திரும்பப் பார்ப்போம் என்றார். ஒன்றரை வருடம் நான் வீணாக விழுங்கிய அதே சிவப்புக் குளிசை அவளுக்கு உண்மையாகவே தேவைப்பட்டது. தேத்தண்ணியோடு போடாதை, தோடம்பழச் சாற்றோடு போடு என்று நான் தினமும் செய்தி அனுப்ப, "சேர், வகுப்பு முடிஞ்சுதோ?" என்று பதில் வரும்.

ஆவணி நாள் தவறியது. மண்டபத்துக்குக் கொடுத்த முற்பணத்தில் பாதி போனது. மாமா ஒரு மாதம் என்னோடு கதைக்கவில்லை. ஆவணிக் கடைசியில் இரண்டாம் துண்டு வந்தது: ஈமோகுளோபின் 12.6, எம்.சி.வி. 84, ஏ2 2.6. காவி இல்லை. எங்கள் பிள்ளைகளில் ஒவ்வொன்றும் என்னைப்போலக் காவியாக இருக்க அரைவாசி வாய்ப்பு உண்டு, நோய் வராது. தையில் கலியாணம் முடிந்தது. சாதகப் பொருத்தம் எழுதிய தாளும் இரண்டு எச்.பி.எல்.சி. துண்டுகளும் அம்மாவின் ஒரே பொலித்தீன் பைக்குள் இருக்கின்றன.

அப்பாவின் பழுது எனக்கு வந்ததுபோலத் தம்பிக்கும் வந்திருக்க அரைவாசி வாய்ப்பு. ஒரு வருடமாகச் சாட்டுச் சொல்லிக்கொண்டிருந்தான். போன கிழமை அவனுக்கும் ஒரு இடத்தில் பேச்சு வந்திருக்கிறது. நேற்றிரவு போன் எடுத்து, "அண்ணை, வெறும் வயிறோட போகவேணுமோ?" என்று கேட்டான்.

"இல்லையடா, சாப்பிட்டிட்டே போ. மூடியைப் பார்."