ஏ.ஆர்.டி.எஸ்: எடையை விடுங்கள், உயரத்தை அளந்து பாருங்கள்

நுரையீரலின் காற்றுப்பைகளில் நீர் கோத்துக்கொள்வதுதான் ஏ.ஆர்.டி.எஸ் (Acute Respiratory Distress Syndrome) என்ற கடுமையான மூச்சுத்திணறல் நிலை. இதயம் திணறி வந்த நீர் அல்ல. நிமோனியாவோ, செப்சிஸோ (நோய்த்தொற்றால் உடல் முழுதும் பாதிக்கப்படும் நிலை), தந்துகி எனும் நுண்ணிய ரத்தக்குழாயின் சுவரைப் புண்ணாக்கியதால் புரதத்தோடு கசிந்த நீர். நீர் பிரிய ஊசி போட்டதும் வடிந்துவிடாது.

எக்ஸ்ரேயில் இருபுறமும் வெள்ளை படர்ந்திருக்கும். தமனி ரத்தத்தில் ஆக்சிஜன் அழுத்தம் 60 மி.மீ. பாதரசம், கொடுப்பது 80 சதவீத ஆக்சிஜன் என்றால், 60-ஐ 0.8-ஆல் வகுங்கள்: 75. இந்த விகிதம் 100-ஐத் தாண்டாவிட்டால் கடுமையான நிலை.

வென்டிலேட்டரில் அடிக்கடி சறுக்குவது ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே தள்ளும் காற்றின் அளவில்தான். 170 செ.மீ. உயர ஆண், எடை 90 கிலோ என்று வையுங்கள். உயரத்தை வைத்துக் கணக்கிட்டால் வரும் எடை 66 கிலோ. கிலோவுக்கு 6 மி.லி. வீதம் 396 மி.லி. தெரியாமல் 90-ஐப் போட்டால் 540! உடம்பு பருத்தால் நுரையீரலும் பருக்குமா என்ன? பெரும்பகுதி அடைபட்டிருக்க, மிச்சமுள்ள நல்ல பகுதியே அத்தனை காற்றையும் வாங்கி, ஊதிப் புண்ணாகும். பிளாட்டோ அழுத்தம், அதாவது காற்றை உள்ளே தள்ளி ஒரு கணம் நிறுத்தும்போது அளக்கும் அழுத்தம், 30 செ.மீ. நீரைத் தாண்டக் கூடாது. மூச்சின் அளவைக் குறைப்பதால் ரத்தத்தில் கரியமில வாயு கொஞ்சம் ஏறினால் பொறுத்துக்கொள்ளலாம்.

விகிதம் 150-க்குக் கீழேயே நின்றால், குப்புறப் படுக்கவைக்க வேண்டும். ஒரு தடவைக்குக் குறைந்தது 16 மணி நேரம். திருப்பும்போது ஒருவர் தலைமாட்டில் நின்று மூச்சுக்குழாய் ட்யூபை மட்டுமே பிடித்திருக்க வேண்டும்.